ஒன்பதில் ஐந்தேகால்

நோமூகா தீவு, டோங்கா
22 ஜூலை 1998

தோகிலூபேவுக்கு அத்தை ஃபூசிபாலா எழுதுவது.

உன் கடிதமும், அதோடு நீ வைத்திருந்த மதிப்பெண் தாளும் வியாழக்கிழமைப் படகில் வந்து சேர்ந்தன. இனியும் கடிதமே எழுது. என் காது டெலிபோனுக்கு ஒத்துவராது. தபால் ஆபீஸ் ரேடியோ டெலிபோனில் நீ பேசினால் எனக்குக் கேட்காது, வெளியே வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவள். தசமக் கணக்கை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. கொப்பரைக் கிடங்கில் எடை போடும்போது ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்து, தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அதனால் உன் தாளின் அடியில் 5.25 என்று இருந்ததை யாரிடமும் கொண்டுபோய்க் காட்டிப் பொருள் கேட்கவில்லை. ஐந்தேகால். எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் விருந்துக்கு உட்கார்ந்திருந்தோம். போதகர் மனைவி எலெனோவா எழுந்து, "எங்க பையன் பேனிசிமானிக்கு ஹவாயில சராசரி மூணு புள்ளி எட்டு. காலேஜ் தலைவரே கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பியிருக்கார்" என்று சொல்லி அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக் காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இவள்தான் "நோமூகா பொண்ணுங்க ஆக்லாந்துக்குப் போறது ஆபீஸ் பெருக்கத்தான்" என்றவள். நானும் எழுந்தேன். "என் தம்பி பொண்ணுக்கு அஞ்சேகால்" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து கிழவன் லோபேதி, "எவ்வளவு கூட?" என்றான்.

"ஒண்ணரைக்குக் கொஞ்சம் கம்மி" என்றேன்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. போதகர் தலை குனிந்து பன்றிக்கறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எலெனோவா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்கு அது நிம்மதி.

உன் அப்பா சேமிசி சொல்லச் சொல்கிறான்: குளிருக்குக் கால் உறை போட்டுக்கொள். அவன் கால் புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை வியாதிக்காரன் பவளப்பாறையில் நடக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியும் நடக்கிறான்.

அத்தை


ஆக்லாந்து
9 ஆகஸ்ட் 1998

மரியாதைக்குரிய அத்தைக்கும் அன்புள்ள அப்பாவுக்கும் தோகிலூபே எழுதுவது. இருவரும் கடவுள் கிருபையால் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அத்தை, நான் சொல்லப்போவதற்குக் கோபப்படக் கூடாது. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஹவாயில் பேனிசிமானி படிக்கும் இடத்தில் நான்குதான் உச்சம். அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. மூன்று புள்ளி எட்டு என்றால் அவன் கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் முதல் தரம். நான் படிக்கும் இடத்தில் ஒன்பது வரை போடுவார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எழுத்துத் தருவார்கள், எழுத்துக்கு ஓர் எண் உண்டு, அந்த எண்களைக் கூட்டிப் பாடக் கணக்கால் வகுத்தால் சராசரி. எனக்கு நான்கு பாடத்தில் ஆறு, ஐந்து, ஆறு, நான்கு. ஒன்பதில் ஐந்தேகால் என்றால் பாதிக்குச் சற்று மேலே. நான் பேனிசிமானியைத் தோற்கடிக்கவில்லை, அத்தை. அவன் பக்கத்தில் நிற்கக்கூட எனக்குத் தகுதியில்லை.

இதை நீங்கள் போதகர் வீட்டில் சொல்லிவிட வேண்டும். இங்கே ஓதாஹூஹூ சபையில் போன ஞாயிறே என்னைப் பார்த்து இரண்டு பேர் "அஞ்சேகால்" என்றார்கள். அவர்களில் ஒருத்தி ஹவாயில் படித்தவள். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வருடக் கடைசியில் எட்டுப் பாடங்களின் சராசரி ஐந்துக்குக் கீழே போனால் உதவித்தொகைக் குழு என்னை ஊருக்கு அனுப்பிவிடும். மருந்தாளர் படிப்புக்கு அதற்குப் பிறகு வழியில்லை. எனக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் கால். ஊஇஹா தீவுப் பெண் அப்படித் திரும்பி வந்தபோது அவளை அழைக்கத் துறைக்கு ஒருவரும் போகவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதை நினைத்தால் சாப்பாடு இறங்க மறுக்கிறது. நான் அப்படி வந்து இறங்கினால், நீங்கள் எழுந்து நின்று சொன்னதை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தோகிலூபே


நோமூகா
6 செப்டம்பர் 1998

தோகிலூபேவுக்கு.

கடிதம் படித்தேன். எலெனோவாவிடம் போய் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஐந்து வள்ளிக்கிழங்கு நான்கு வள்ளிக்கிழங்கைவிட அதிகம். கூடை எவ்வளவு பெரிது என்று பார்த்து யாரும் கிழங்கு எண்ணுவதில்லை. அவர்கள் கூடையில் நான்குதான் கொள்ளும் என்றால் அது அந்தக் கூடையின் குறை. ஒன்பது வரை போகிற இடத்தில் ஐந்துக்கு ஏறியவள் பெரியவளா, நான்கோடு நின்றுவிடுகிற இடத்தில் நான்கைக்கூடத் தொடாதவன் பெரியவனா? நீ பயந்த சுபாவம். உன் அம்மாவும் அப்படித்தான். அவள் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது, அவள் பயம் மட்டும் உன்னிடம் மிச்சம் இருக்கிறது.

கோட்டுக்குக் கீழே போகாதே. அவ்வளவுதான். படி.

இப்போது ஒரு வேலை. அங்கே ஆக்லாந்தில் மாங்கெரேயில் இருக்கும் தௌஃபா கிழவன் படுத்த படுக்கையாக இருப்பதாகச் செய்தி. என் தாய்மாமன் மகன். அவன் போனால் தலைமாட்டில் உட்காருகிற உரிமை எனக்கு. என்னால் கடல் தாண்டி வர முடியாது. அந்த இடத்தில் நீதான் உட்கார வேண்டும். வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் நம் வீட்டுக்கு அந்த வரிசையில் இனி இடமில்லை என்று ஆகிவிடும். செய்தி வந்ததும் வீகா உன்னைக் கூப்பிடுவாள். உன் பெரியம்மா மகளாக இருந்தாலும் அவளுக்கு இந்த விஷயத்தில் உரிமை கிடையாது, கார் ஓட்டுவதோடு சரி. உடம்பு மண்ணுக்குப் போகும்வரை அந்தப் பாயை விட்டு எழுந்திருக்காதே. இது என் உத்தரவு.

சேமிசி உனக்கு உப்புக்கண்டம் அனுப்புகிறான். கால் அப்படியேதான் இருக்கிறது.

அத்தை


ஆக்லாந்து
8 நவம்பர் 1998

மரியாதைக்குரிய அத்தைக்கு.

நீங்கள் சொன்னபடி தௌஃபா பெரியவரின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். புதனன்று சாயங்காலம் உட்கார்ந்தவள் வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்துதான் எழுந்தேன். அந்த உரிமைக்குரிய முதல் பாயும் பெரிய மரப்பட்டைத் துணியும் உங்கள் பெயரைச் சொல்லி என் முன்னால் வைத்தார்கள். வீகா வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பெயர் சொல்லப்பட்டபோது எல்லாரும் தலை குனிந்தார்கள்.

பரீட்சைகள் நடந்துகொண்டிருக்கின்றன. உயிரியலும் புள்ளியியலும் நன்றாக எழுதினேன்.

அப்பாவின் கால் எப்படி இருக்கிறது?

தோகிலூபே


நோமூகா
29 நவம்பர் 1998

தோகிலூபேவுக்கு.

பாய் விஷயம் கேட்டு மனம் குளிர்ந்தது.

உன் கடிதம் சிறியதாக இருக்கிறது. இரண்டு பரீட்சை பற்றி எழுதியிருக்கிறாய். போன கடிதங்களைப் பார்த்தேன், உனக்கு நான்கு. உடலியல் அதற்கடுத்த வாரம் என்று வைத்துக்கொண்டாலும் வேதியியல் எங்கே போனது?

சேமிசி இப்போது படகில் போவதில்லை. நான் தடுத்தேன் என்று நினைக்காதே, செருப்பில் கால் நுழையவில்லை.

அத்தை


ஆக்லாந்து
16 டிசம்பர் 1998

அத்தைக்கு.

வேதியியல் பரீட்சை வியாழக்கிழமை காலையில் இருந்தது. நான் அப்போது தௌஃபா பெரியவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வீகா மட்டும் இரண்டு தடவை வந்து காதில், "பின்வாசல்ல கார் நிக்குது, மூணு மணி நேரந்தானே, நான் உன் எடத்துல உக்காந்துக்கறேன், யாரு பாக்கப்போறா" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. போகாத பரீட்சையை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுவார்கள் என்று நினைத்தேன். நம் ஊரில் யார் வரவில்லையோ அவர்களை எண்ணமாட்டார்கள் இல்லையா? இங்கே வராதவர்களையும் எண்ணுகிறார்கள். எழுதாத பரீட்சைக்குப் பூஜ்யம் போட்டு, அதையும் ஒரு பாடமாகச் சேர்த்து வகுத்துவிட்டார்கள்.

மற்ற மூன்றில் ஆறு, ஆறு, ஐந்து. போன தவணை இருபத்தொன்று. எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு. எட்டால் வகுத்தால் 4.75. அந்தப் பூஜ்யம் இல்லாமல் ஏழால் வகுத்தால் ஐந்தரையை நெருங்கும். நான் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதேதான் வருகிறது.

மாணவர் அலுவலகத்தில் ஜூடித் என்ற அம்மாவிடம் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இறந்தது உன் தாத்தாவா?"

"இல்லீங்க."

"மாமாவா?"

"எங்க அத்தையோட தாய்மாமன் மகன்."

"உனக்கு ரொம்பப் பழக்கமா?"

"உயிரோட இருக்கும்போது பாத்ததே இல்ல."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பின்ன எதுக்கும்மா பரீட்சையை விட்டுட்டுப் போன?"

"அத்தை போகச் சொன்னாங்க."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்பு. அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நல்லவர். முறையீட்டுக் குழு ஜனவரி 22ஆம் தேதி கூடுகிறது என்றார். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி ஆகியோரின் சாவுக்கு விலக்கு உண்டு. மற்றதற்கு, அது என்னால் மறுக்க முடியாத கடமை என்று ஊரில் பொறுப்பிலுள்ள ஒருவர் எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும். இங்குள்ள போதகர் நான் அங்கே இருந்ததற்குத்தான் சாட்சி. கடமைக்கு நம் சபைப் போதகர்தான் எழுத முடியும். போதகர் மானாசே.

அத்தை, 22ஆம் தேதிக்குள் அந்தக் கடிதம் வரவில்லையென்றால் அந்த மாதமே எனக்கு விமானச்சீட்டு எடுத்துவிடுவார்கள். இதை முன்பே சொல்லாததற்குத் திட்டுங்கள். எனக்கு உங்களிடம் பயமாக இருந்தது. இப்போது அதைவிட இதற்கு அதிகப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தோகிலூபே


நோமூகா
7 ஜனவரி 1999

தோகிலூபேவுக்கு.

இதோடு போதகர் மானாசேயின் கடிதம் இருக்கிறது. முத்திரையைப் பார்த்துக்கொள். நுகுஅலோஃபாவிலிருந்து விமானம் ஏறும் ஒரு பையன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நான் நம்பவில்லை.

நான் உன்னைப் போகச் சொன்னது சரிதான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வியாழக்கிழமை பரீட்சை என்று நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்காதே. போ என்றுதான் சொல்லியிருப்பேன். போகாதவர்களுக்குப் பூஜ்யம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வராத படகுக்கு எடை போடுகிற கிடங்கை நான் பார்த்ததில்லை.

கடிதம் எப்படிக் கிடைத்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்களன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். போதகர் வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து, "போதகரே, ஒரு கடுதாசி வேணும்" என்றேன்.

உள்ளேயிருந்து எலெனோவாவின் குரல்: "அஞ்சேகால்காரிக்கு மூணு எட்டுக்காரங்க வீட்டுல என்ன வேலை?"

"உன்கிட்ட நான் பேசல, எலெனோவா."

"கேட்டீங்களா, என் வாசல்ல உக்காந்துகிட்டு என்கிட்ட பேசலயாம்."

போதகர் கையை உயர்த்தி அவளை அடக்கினார். என்னிடம், "ஃபூசிபாலா, ஹவாயில நம்ம பசங்க என் மகனை இப்ப பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. 'தோத்தவன்'ன்னு கூப்பிடறாங்க. ஒரு பொண்ணுகிட்ட தோத்தவன். அவன் ராப்பகலா படிச்ச பையன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கடுதாசி தர்றேன். எனக்கு நிபந்தனை ஒண்ணும் இல்ல" என்றார்.

"எனக்கு இருக்கு" என்றாள் எலெனோவா.

ஜெப வாரத்தின் மூன்றாம் நாள், கோவில் நிறைந்திருக்கும்போது எழுந்து நின்றேன். சொன்னதை எழுதுகிறேன், மாற்றி யாராவது சொன்னால் நம்பாதே. "ஹவாயில நாலுக்கு எண்றாங்க. ஆக்லாந்துல ஒம்பதுக்கு எண்றாங்க. ரெண்டையும் பத்துக்கு மாத்திப் பாத்தா பேனிசிமானிக்கு ஒம்பதரை. என் தம்பி பொண்ணுக்கு ஆறுக்கும் கீழ. ஜூலை மாசம் நான் சொன்னது தப்புக் கணக்கு." இவ்வளவும் நானே போட்ட கணக்கு. உன் ஆகஸ்ட் மாதக் கடிதம் வந்த அன்றே போட்டுவிட்டேன். உனக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

நான் உட்கார்ந்ததும் போதகர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? "அந்தக் கணக்கும் சரியில்ல. ஹவாயில தாராளமா போடுவாங்க. ஆக்லாந்துல கை இறுக்கம். ரெண்டு பிள்ளைகளையும் ஒரே தராசுல வைக்க நம்மால முடியாது, யாரும் வைக்க வேண்டாம்." அப்படியானால் என்னை எதற்காக எழுந்து நிற்க வைத்தார்கள்? கேட்டிருப்பேன். கடிதத்தில் இன்னும் முத்திரை வைக்கவில்லை என்பதால் சும்மா இருந்தேன்.

என் வயதில் நான் இப்படி நின்றது இதுதான் முதல் தடவை. அதை வீணாக்காதே.

சேமிசி படுத்திருக்கிறான். உன் பெயரைச் சொல்கிறான்.

அத்தை


ஆக்லாந்து
26 ஜனவரி 1999

மரியாதைக்குரிய அத்தைக்கும் அப்பாவுக்கும்.

குழு ஒப்புக்கொண்டது. பூஜ்யத்தை எடுத்துவிட்டு வேதியியலைத் தனியாக எழுத அனுமதித்திருக்கிறார்கள். பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. குழுவில் ஒருவர் போதகரின் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்த முறை விட்டுவிடலாம், இது மறுபடி நடக்கக்கூடாது" என்றார். ஜூடித் அம்மா வெளியே வந்து, இனி இன்னொரு வாய்ப்பு எந்தக் காரணத்துக்கும் கிடையாது, காய்ச்சலோ சாவோ எதுவானாலும், அன்று வராவிட்டால் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும் என்று சொன்னார்.

எனக்கு வேண்டியது இரண்டு. எழுத்தில் அது 'சி'. இரண்டு வந்தால் நாற்பது, எட்டால் வகுத்தால் சரியாக ஐந்து. ஒன்று வந்தால் தேர்ச்சி பெற்றும் வெளியே போக வேண்டும்.

புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கள் ஓடுகின்றன. பரீட்சை அறையின் கதவு பூட்டியிருப்பதாகவும், உள்ளே என் நாற்காலியில் வேறு யாரோ பாய் விரித்து உட்கார்ந்திருப்பதாகவும் கனவு வருகிறது. நீங்கள் கோவிலில் நின்றதை ஓதாஹூஹூவில் எல்லாரும் பேசுகிறார்கள். நான் அதைப் பற்றி எதுவும் எழுதாமல் இருப்பதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பா படுத்திருக்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எப்போதிலிருந்து? பங்காயி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா? தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.

உங்கள் தோகிலூபே


நோமூகா
4 பிப்ரவரி 1999

தோகிலூபேவுக்கு.

பரீட்சை முடியும்வரை சேமிசியைப் பற்றி நான் எதுவும் எழுதமாட்டேன். நல்ல செய்தியும் எழுதமாட்டேன், கெட்ட செய்தியும் எழுதமாட்டேன். நீ கேட்டாலும் எழுதமாட்டேன். ஆகவே கேட்காதே.

படி.

அத்தை


ஆக்லாந்து
14 பிப்ரவரி 1999

அத்தைக்கு.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதைப் படித்த பிறகு ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

நோமூகா தபால் ஆபீஸுக்கு டெலிபோன் செய்தேன். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது. "நான் சேமிசி மக தோகிலூபே, எங்கப்பா எப்படி இருக்காரு?" என்றேன். இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "உங்க அத்தைகிட்ட கேளும்மா" என்று சொல்லித் தபால் ஆபீஸ்காரர் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை.

இன்று சபையில் நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாக இருக்கிறார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வீகா நான்கு நாளாக என் அறையிலேயே தூங்குகிறாள், சமைத்துப் போடுகிறாள், என்னைத் தனியாகக் கடைக்குக்கூட விடுவதில்லை. "ஊர்ல என்னடி?" என்றால், "எனக்கென்ன தெரியும், நான் கார் ஓட்டறவதானே" என்கிறாள். முகத்தை மட்டும் காட்டமாட்டேன் என்கிறாள்.

அத்தை, அப்பாவுக்குக் காலை எடுத்துவிட்டார்களா? அதுதானா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். ஒரு கால் இல்லாவிட்டாலும் வலை பின்னலாம். நான் மருந்தாளராக வந்து அவருக்கு ஊசி போடுவேன். அதை அவரிடம் சொல்லுங்கள். அக்கா தம்பி படுக்கும் அறைக்குள் போகக்கூடாது என்பது முறை என்றாலும், சுவருக்கு வெளியே நின்றாவது சத்தமாகச் சொல்லுங்கள். நான் வெள்ளிக்கிழமை எழுதிவிட்டு, சனிக்கிழமை விமானத்துக்குக் கடன் வாங்கியாவது வருகிறேன் என்றும் சொல்லுங்கள்.

வேதியியலைப் பார்த்து இப்போது எனக்குப் பயமில்லை. வேறு எதையோ பார்த்துப் பயமாக இருக்கிறது. அது என்னவென்று எழுத என் கை வரவில்லை.

தோகிலூபே


நோமூகா
10 பிப்ரவரி 1999
(வீகா: இதை வெள்ளிக்கிழமை அவள் பரீட்சை எழுதி வெளியே வந்த பிறகு அவள் கையில் கொடு. ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தாலும் நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம்.)

தோகிலூபேவுக்கு.

உன் அப்பா திங்கட்கிழமை இறந்துபோனான். நேற்று அடக்கம் செய்தோம். புண் காலிலிருந்து தொடைவரை கறுத்து ஏறிவிட்டது. பங்காயிக்குக் கொண்டுபோகப் படகு தயாராக இருந்தது, கடல் மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் தேவைப்படவில்லை.

அக்கா தம்பி முறைப்படி அவன் படுத்திருந்த அறைக்குள் நான் போகவில்லை. சுவருக்கு வெளியே பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கு எட்டாததை உள்ளே இருந்த நர்ஸ் எனக்குக் கத்திச் சொன்னாள். நீ பரீட்சை எழுதட்டும் என்று அவன்தான் சொன்னான் என்று எழுதினால் உனக்குச் சுலபமாக இருக்கும், எனக்கும் சுலபமாக இருக்கும். அவன் அப்படிச் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிடச் சொன்னான். இரண்டு தடவை சொன்னான். முதல் தடவை நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் தடவை "கூப்பிட மாட்டேன்" என்றேன். அதற்கு மேல் அவன் என்னை எதிர்த்துப் பேசவில்லை. பிறந்ததிலிருந்து பேசியதில்லை.

வானொலியில் சாவு அறிவிப்புக் கொடுக்க விடவில்லை. ஓதாஹூஹூவிலும் மாங்கெரேயிலும் உள்ள நம் ஆட்களுக்குத் தபால் ஆபீஸ்காரனை விட்டுச் சொல்லச் சொன்னேன்: என் உத்தரவு, யாரும் அவளிடம் மூச்சுவிடக் கூடாது. ஆகவே அவர்கள்மேல் கோபப்படாதே. கோபம் முழுவதும் எனக்கு உரியது, அதில் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.

இந்தத் தீவில் ஐஸ் கிடையாது. உடம்பை ஒரு நாளுக்கு மேல் வைக்க முடியாது. உனக்குச் சொல்லியிருந்தால் விமானம் பிடித்து, படகு பிடித்து, மூடிய மண்ணைப் பார்க்க வந்திருப்பாய். வந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், தௌஃபாவின் பாயை விட்டு எழுந்திருக்காதவள் நீ. அங்கே மறுபடி பூஜ்யம் போட்டிருப்பார்கள். காய்ச்சலோ சாவோ, அன்று வராவிட்டால் பூஜ்யம்தான் என்று அந்த அம்மா சொன்னதாக நீதான் எழுதினாய். அந்த வரியை நான் பலதடவை படித்தேன்.

நீ உட்கார வேண்டிய இடத்தில் பாய் காலியாக விரித்திருந்தது. யாரையும் உட்கார விடவில்லை. ஊர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதப்போவதில்லை. எலெனோவா மட்டும் கிட்டே வந்து, "நீ பண்ணினது பாவம், ஃபூசிபாலா" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். அவள் போகாமல் கடைசிவரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

நான் வருத்தப்படவில்லை. நாளைக்கே மறுபடி வந்தாலும் இதையேதான் செய்வேன். மன்னிப்புக் கேட்டு எழுதுவேன் என்று காத்திருக்காதே.

ஆனால் ஒன்று. நீ இத்தனை நாளும் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால், அந்த அறையில் உட்கார்ந்தும் உனக்கு எதுவும் வராமல் போனால், ஒன்றோடு நின்றுவிட்டால், நான் அவனை எதற்காகக் காக்க வைத்தேன் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எதற்கும் பயப்படாதவள் என்று இந்த ஊரில் எனக்குப் பெயர். இப்போது சோறு இறங்கவில்லை.

என்னோடு நீ பேச வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம். முடிவு வந்ததும் அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. எந்த எண்ணாக இருந்தாலும் அனுப்பு.

அத்தை


ஆக்லாந்து
11 மார்ச் 1999

ஆறு.

தோகிலூபே